கனகலிங்கத்தாரின் கிணற்றில் ஒரு சிவப்புப் புள்ளி

"என்ர கிணத்துத் தண்ணியை உப்பெண்டு போட்டது ஆர்?"

கனகலிங்கத்தார் இப்படிக் கேட்டதும் அலுவலகத்தில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கிணறுகளை அளந்தவள் நான். பிழை என்றால் அது என் நாக்கில்தான் இருக்கவேண்டும்.

2001ஆம் ஆண்டு மாசி மாதம். தர்மபுரத்தில் வயல் செய்கிறவர்கள் சேர்ந்து நடத்திய எங்கள் கமக்காரர் ஒன்றியத்தின் அலுவலகம், தை மாதம் இங்கு மாறிவந்த பிறகு, தகரக் கூரை போட்ட இரண்டு அறைகளில் இயங்கிக்கொண்டிருந்தது. கனகலிங்கத்தார் ஒன்றியத்தின் தலைவர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து இளந்தாரியாக வந்தவர்; காடு வெட்டி, இருபத்திரண்டு அடிக்குத் தன் கையாலேயே கிணறு வெட்டியவர். மூன்று தெருச் சனம் அந்தக் கிணற்றில்தான் குடிக்க அள்ளியது. அந்தக் கிணறு இருந்த இடத்தில் கணினித் திரை சிவப்புப் புள்ளி ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வரைபடத்தில் நீலம் என்றால் நல்ல தண்ணீர். சிவப்பு என்றால் உவர்.

"ஐயா, உங்கட கிணத்தில மூண்டு தரம் குடிச்சுப் பாத்தனான். நல்ல தண்ணியெண்டுதான் எழுதிக் குடுத்தனான்" என்றேன்.

"அப்ப இதென்ன?"

எட்டு மாதமாக, ஒரு நீளக் கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு, நுனியில் இரும்பு ஆணி கட்டி, சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்திருக்கிறேன். உப்பளக்கும் சின்னக் கருவி ஒன்றைத் தந்திருந்தார்கள்; இரண்டாவது மாதமே பற்றறி தீர்ந்துபோனது. பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில் புதுப் பற்றறிக்கு எங்கே போவது? அதன்பிறகு நாக்குத்தான். அறுநூற்று நாற்பத்தொரு கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்து, ஒரு வாய் துப்பி, கொப்பியில் எழுதினேன். அந்த உழைப்பு முழுவதும் பொய் என்று அந்த ஒற்றைப் புள்ளி சொல்வதுபோல இருந்தது.

வரைபடத்தைக் கணினியில் கீறின ஜெயரூபினி அக்கா கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினா. திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தா.

"ஐயா, குளத்துக்கு நடுவில பாருங்கோ."

குளத்தின் நட்டநடுவே நான்கு சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

"குளத்துக்குள்ள ஆர் கிணறு வெட்டினது?"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கனகலிங்கத்தார் சிரிக்கவில்லை. "அப்பிடியெண்டால் இந்தப் படத்தில ஒண்டையும் நம்பேலாது" என்றார். "மாசி முடியக் குடுக்கவேணும். நாப்பது பொதுக் கிணறு எங்கெங்க வெட்டுறதெண்டு இதைப் பாத்துத்தான் நிவாரண அமைப்பு முடிவெடுக்கும். பிழையான படத்தைக் குடுத்தால் தவிச்ச வாய்க்குத் தண்ணி கிடைக்காது, பிள்ளை."

அவர் சொன்னது சரி.

ஜெயரூபினி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் யோசெப் கடல் தொழில் செய்தவர், தாய் மார்கிறட். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து, மூன்று இடம் மாறி, தர்மபுரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அக்கா ஒன்றியத்தில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தா. நிவாரண அமைப்பு ஆயிரம் அனுமதிக் கடிதங்களோடு சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஒரு கணினியை எங்களுக்கு அனுப்பியபோது, அதைத் தொடுவதற்கு மற்ற எல்லோரும் பயந்தார்கள். அக்கா மூன்று நாள் பயிற்சி எடுத்தா. மிச்சத்தை, பெட்டியோடு வந்த இரண்டு ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு தானே படித்தா. நான் கொப்பியில் கொண்டுவந்ததையெல்லாம் வாய்க்கால், தெரு, குளக்கட்டு, கிணறு என்று நான்கு மாதம் இருந்து கீறினா. சம்பளப் பதிவில் மட்டும் இன்னமும் தட்டெழுத்தாளர்தான்.

முதலில் பழி ஜெனரேற்றரில் விழுந்தது. மண்ணெண்ணெயில் ஓடுகிற இயந்திரம்; மின்சாரம் ஏறி இறங்குவதால் திரை குழம்புகிறது என்றார்கள். அக்கா அதை மறுக்கவில்லை. பக்கத்து அரிசி ஆலையின் பெரிய ஜெனரேற்றரில் ஒரு முற்பகல் முழுக்கக் கணினியை ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கினா. புள்ளிகள் அப்படியே வந்தன. காலையில் ஐந்தாறு, தகரக் கூரை சூடேற ஏற முப்பதுக்கு மேல். சிவப்பு மட்டுமில்லை, பச்சையும் வந்தது. அக்கா ஒவ்வொரு மணித்தியாலமும் எண்ணி ஒரு தாளில் எழுதி வைத்தா.

அந்தக் கிழமை வவுனியாவிலிருந்து ஸ்ரனிஸ்லஸ் அண்ணை வந்தார். நிவாரண அமைப்பின் கணினிகளைத் திருத்துகிறவர் அவர். கொழும்பில் படித்துச் சான்றிதழ் எடுத்தவர், நல்ல மனிசன். வன்னிக்குள் வந்துபோக மூன்று நாளுக்குத்தான் அவருக்குப் பாஸ் இருந்தது. வந்ததும் வராததுமாகத் திரைக்கு முன்னால் இருந்தார். ஒரு மணித்தியாலம் எதையெதையோ ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"சொப்ட்வெயார் பழுது" என்றார். "ஜெனரேற்றர் சடாரெண்டு நிக்கிற நேரங்களில டிஸ்கில எழுதினது குழம்பியிருக்குது. நான் சோதிச்சனான், பிழையள் கிடக்கு. முழுசா அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்தவேணும்."

"வரைபடம்?" என்று அக்கா கேட்டா.

"பிளொப்பியில எடுத்து வைச்சிருக்கிறியளோ?"

"கிணத்துக் கணக்கு இருக்குது. படம் பெரிசு, பிளொப்பியில கொள்ளாது."

ஸ்ரனிஸ்லஸ் அண்ணை தலையை ஆட்டினார். "அது போகத்தான் போகும், தங்கச்சி. படத்தின்ர பைல் பழுதானபடியால்தானே புள்ளி வருது. பழுதானதை வைச்சிருந்து என்ன பிரயோசனம்?"

நான்கு மாத வேலை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் முகத்தில் மாற்றமே இல்லை. மணித்தியாலக் கணக்கு எழுதின தாளை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தா.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. எனக்கு இது சொப்ட்வெயார் எண்டு படேல்லை. நாளைக்கு ஒரு நாள் தாங்கோ. நான் காட்டுறன்."

கனகலிங்கத்தாருக்குக் கோபம் வந்தது. "படிச்சுப்போட்டு வந்த மனிசன் சொல்லுறார். நீ தட்டெழுத்துப் பிள்ளை. உனக்கென்ன தெரியும்?"

"ஓம் ஐயா, தட்டெழுத்துத்தான். அதாலதான் சொல்லுறன்" என்றா அக்கா. குரல் உயரவில்லை. "தட்டெழுத்து மெசினில எழுத்துக் கட்டை ஒண்டு வளைஞ்சால், எந்தக் கடிதம் அடிச்சாலும் அந்த எழுத்து வளைஞ்சுதான் விழும். அடிக்கிற ஆள் பிழை விட்டால், அந்தக் கடிதத்தில மட்டும்தான் பிழை இருக்கும். இந்தப் புள்ளியள் கடிதத்தில இருக்குதோ, மெசினில இருக்குதோ எண்டு பாக்காமல் கடிதத்தைக் கிழிக்கக் கூடாது."

கனகலிங்கத்தார் ஸ்ரனிஸ்லஸ் அண்ணையைப் பார்த்தார். அண்ணை தாடையைச் சொறிந்தார். "ஒரு நாள்தானே. பாப்பம்" என்றார்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கே கூரை சுடத் தொடங்கிவிட்டது. அக்கா வேண்டுமென்றே கணினியைப் பதினொரு மணிவரை ஓடவிட்டா. புள்ளிகள் நிறைய வரட்டும் என்று காத்திருந்தா. பிறகு வரைபடம் கீறுகிற மெல்லிய ஊடுதாளில் ஒன்றை எடுத்துத் திரைக் கண்ணாடியில் வைத்தா. திரையின் மின்னூட்டத்தில் தாள் தானாகவே ஒட்டிக்கொண்டது. தெரிந்த புள்ளிகளை எல்லாம் பென்சிலால் அடையாளம் போட்டா. ஸ்ரனிஸ்லஸ் அண்ணையை எண்ணச் சொன்னா.

"இருபத்தெட்டு" என்றார் அவர்.

"இப்ப படத்தை நகர்த்துறன்."

வரைபடம் இடப்பக்கம் நகர்ந்தது. குளம் போனது, வாய்க்கால் போனது, கனகலிங்கத்தாரின் காணி திரையின் ஓரத்துக்குப் போனது. புள்ளிகள் மட்டும் பென்சில் அடையாளங்களுக்குக் கீழே அசையாமல் நின்றன. உண்மையான கிணறுகள் படத்தோடு போயின. பொய்க் கிணறுகள் போகவில்லை.

அக்கா வரைபடத்தை மூடிவிட்டு, கடிதம் அடிக்கிற பக்கத்தைத் திறந்தா. வெள்ளைத் தாளிலும் அதே இடங்களில் புள்ளிகள். அதையும் மூடினா. வெறும் திரையிலும் இருந்தன. இருபத்தெட்டும் அப்படியே இருந்தன.

பிறகு வரைபடத்தைப் பிறின்ரருக்கு அனுப்பினா. முத்திரை மையில் தோய்த்துத் தோய்த்துப் பாவித்த ரிப்பன். கிறீச் கிறீச் என்று தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கிணறுகளை மட்டும் பெரிதாக்கி அச்சடித்திருந்தா. குளத்துக்குள் ஒன்றும் இல்லை. நான் ஓடிப்போய் கனகலிங்கத்தாரின் கிணற்றைத் தேடினேன். கறுப்பு வெள்ளையில் நல்ல தண்ணீர் வெறும் வட்டம், உவர் நிரப்பின வட்டம். அவருடையது வெறும் வட்டம்.

"பைல் சுத்தம்" என்றா அக்கா.

ஸ்ரனிஸ்லஸ் அண்ணை தாளைக் கையில் வாங்கி, நீண்ட நேரம் பார்த்தார். நல்ல மனிசன் என்று சொன்னேனே. "ஓம், பைல் சுத்தம்தான். அது என்ர பிழை" என்றார். "ஆனால் இன்னொரு வழி இருக்கு, தங்கச்சி. திரைக்கு எப்பிடிக் கீறவேணுமெண்டு சொல்லிக் குடுக்கிற ஒரு சின்னப் புரோகிராம் இருக்குது. அது குழம்பினாலும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் புள்ளி வரும். அதுவும் சொப்ட்வெயார்தான். அழிச்சுத்தான் ஏத்தவேணும்."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கனகலிங்கத்தார் பெருமூச்சு விட்டார்.

அக்கா திரும்ப மேசைக்குப் போகவில்லை. வாசலுக்குப் போய், வெளியே பார்த்துக்கொண்டு நின்றா. தெருவில் ஒரு மாட்டு வண்டி போய் மறைகிற நேரம் ஆகியிருக்கும். பிறகு திரும்பி வந்தா.

"அண்ணை, அந்தச் சின்னப் புரோகிராம் எங்க இருக்குது?"

"டிஸ்கிலதான்."

"அப்ப டிஸ்கின்ர வயரைக் கழட்டிவிடுங்கோ. டிஸ்கே இல்லாமல் மெசினைப் போடுவம்."

ஸ்ரனிஸ்லஸ் அண்ணை அவாவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்றி, அகலமான சாம்பல் நிற வயரை டிஸ்கிலிருந்து இழுத்தார். சூடு ஆறமுதல் சுவிச்சைப் போட்டார்.

திரை கறுப்பாக வந்தது. கணினி தன்னைத்தானே சோதித்து, வெள்ளை எழுத்தில் வரி வரியாக எழுதியது. கடைசி வரியில், டிஸ்கைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதவேண்டும். எழுதியது. ஆனால் டி இருக்கவேண்டிய இடத்தில் எஃப் இருந்தது. வேறு வரிகளிலும் ஓரிரு எழுத்துகள் மாறிக் கிடந்தன. ஒன்றுமே இருக்கக்கூடாத வெற்றிடங்களில் மேற்கோள் குறிகள் சிதறிக் கிடந்தன.

ஸ்ரனிஸ்லஸ் அண்ணை திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"இப்ப இதுக்குள்ள எங்கட புரோகிராம் ஒண்டும் இல்லை" என்றா அக்கா. "டிஸ்கே இல்லை. ஆனால் பிழை இருக்குது."

"ஹார்ட்வெயார்" என்றார் ஸ்ரனிஸ்லஸ் அண்ணை. மெதுவாகத்தான் சொன்னார். அடுத்த நொடியே அவருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. "மொனிற்றரோ, உள்ளுக்குள்ள இருக்கிற கார்டோ?"

"மொனிற்றருக்கு எழுத்துத் தெரியாது, அண்ணை. அது எழுத்தை மங்கலாக்கும், கோணலாக்கும். டியை எஃப் ஆக்க அதால ஏலாது."

"ஏலாது! எழுத்தை வைச்சிருக்கிறது கார்டின்ர மெமறி!" என்று அவர் மேசையில் தட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். என்ன நடக்கிறது என்று முழுதாக விளங்காமலே நானும் சிரித்தேன்.

கார்ட் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. திரைக்குப் போகிற படம் முழுவதும் அதற்குள்தான் சேர்ந்து நிற்குமாம். எங்கள் செம்மண் தூசு அதன்மேல் பவுடர் போட்டதுபோலப் படிந்திருந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தா. கறுப்பு மெமறித் துண்டுகள் நான்கு, தனித்தனிக் குழிகளில் அமர்ந்திருந்தன. மூன்று மட்டமாக இருந்தன. நான்காவதன் ஒரு மூலை நகத்தளவுக்கு மேலே எழும்பி நின்றது.

"தை மாசம் விசுவமடுப் பக்கத்தில இருந்து இஞ்ச மாறேக்க, மெசினை எதில கொண்டந்தனீங்கள்?" என்று ஸ்ரனிஸ்லஸ் அண்ணை கேட்டார்.

"ட்ரக்டர் பெட்டியில" என்றார் கனகலிங்கத்தார். குரல் இறங்கியிருந்தது. "வைக்கல் போட்டுத்தான் வைச்சனாங்கள். ஆனால் றோட்டு…"

அந்த றோட்டைப் பற்றி அவர் மேலே சொல்லத் தேவையிருக்கவில்லை. குலுக்கலில் கொஞ்சம் எழும்பியது, ஒவ்வொரு நாள் சூட்டிலும் இன்னும் கொஞ்சம் எழும்பியிருக்கிறது. அண்ணை கார்டை அக்காவிடம் நீட்டினார்.

"நீங்கள் கண்டுபிடிச்சது. நீங்களே இருத்துங்கோ."

அக்கா மேசையில் ஒரு துணியை மடித்துப் போட்டு, கார்டை அதன்மேல் வைத்தா. பெருவிரலால் அழுத்தினா. டக் என்று ஒரு சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கார்டின் பொன்னிறப் பற்களை என் அழிறப்பரால் தேய்த்துத் துடைத்தா. தூசை ஊதிவிட்டு, திரும்பச் செருகினா. டிஸ்கின் வயரும் தன் இடத்துக்குப் போனது.

திரை வந்தபோது எழுத்துகள் எல்லாம் தங்கள் இடங்களில் இருந்தன. வரைபடம் திறந்தது. குளம் வெறும் குளமாகக் கிடந்தது.

கனகலிங்கத்தார் உடனே நம்பிவிடவில்லை. ஒரு கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு, பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை, கூரை அனலாகக் கொதிக்கிற நேரம் முழுக்க, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு புள்ளிகூட வரவில்லை. அவருடைய காணியில் ஒரேயொரு நீலப் புள்ளிதான் இருந்தது. மூன்று மணிக்கு எழும்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கரியரில் ஒரு குடம் கட்டியிருந்தது. அவருடைய கிணற்றுத் தண்ணீர். எல்லோருக்கும் தன் கையாலேயே வார்த்தார். என் முறை வந்தபோது, "நாலாந்தரமும் குடிச்சுப் பார், பிள்ளை" என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய மன்னிப்பை ஒருவரும் எதிர்பார்க்க முடியாது. நான் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

புறப்படுமுன் ஸ்ரனிஸ்லஸ் அண்ணை தன் அறிக்கையை எழுதி, எங்கள் முன்னால் வாசித்தார். பழுது வன்பொருளில் என்றும், மென்பொருள் என்று தான் முதலில் எடுத்த முடிவு தவறு என்றும், கண்டறிந்து திருத்தியவர் யோ. ஜெயரூபினி என்றும் அதில் இருந்தது. டிஸ்கில் கிடந்த சில்லறைப் பிழைகளை ஒன்றையும் அழிக்காமலே அவர் திருத்தித் தந்துவிட்டுப் போனார். அக்கா தன் பெயரைக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டா. வீட்டுக்குப் போகிற வழியில் மட்டும், சைக்கிளை மிதித்துக்கொண்டே, "தேனுகா, தகப்பன்ர முதலெழுத்தையும் போட்டவர், கவனிச்சனியோ?" என்று கேட்டா.

செய்தி எங்களுக்கு முன்னரே அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. யோசெப் ஐயா வாசற் படலையடியில் நின்றார். அக்காவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஊடுதாள் கட்டத்தை இரண்டு தரம் சொல்ல வைத்தார். மார்கிறட் அம்மா குசினிக்குள் அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தா. முடிந்ததும் வெளியே வந்து, "எங்கட பரம்பரையில கடலைத் தவிர வேற ஒண்டையும் ஒருத்தரும் வாசிச்சதில்லை. இவள் மெசினை வாசிச்சிருக்கிறாள்" என்றா.

வரைபடம் மாசி முடிய நான்கு நாள் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தது. வைகாசிக்குள் முப்பத்தாறு பொதுக் கிணறுகள் வெட்டினார்கள். நாற்பது என்று சொன்னது முப்பத்தாறாகக் குறைந்தது சீமெந்துத் தட்டுப்பாட்டால். நான் போய்ப் பார்த்த வரையில், எங்கள் படம் நல்ல தண்ணீர் என்று சொன்ன இடத்தில் வெட்டின கிணறு ஒன்றும் உவர்க்கவில்லை.

ஆனியில் கண்டாவளையில் இருந்த ஒரு அலுவலகத்திலிருந்து ஒன்றியத்துக்குக் கடிதம் வந்தது. அவர்களுடைய கணினியில் படங்கள் பாதி பாதியாக, கறுப்புப் பட்டி விழுந்து வருகின்றனவாம். அது கார்ட் பழுதுதான் என்று அங்குள்ளவர்கள் முடிவுகட்டி, பெட்டியைக் கழற்றக் காத்திருந்தார்கள். கடிதம் தட்டெழுத்தாளருக்கு அல்ல, "கணினிப் பொறுப்பாளர், திருமிகு யோ. ஜெயரூபினி" என்று வந்திருந்தது. கனகலிங்கத்தார் அதை வாசித்துவிட்டு, எழுதுவினைஞரைக் கூப்பிட்டு, சம்பளப் பதிவிலும் அப்படியே மாற்றி எழுதச் சொன்னார்.

நாங்கள் இருவரும் சைக்கிளில் போனோம். அங்கே நான்கு ஆண்கள் திருப்புளியோடு நின்றார்கள். அக்கா இருந்து, படத்தை நகர்த்தினா. கறுப்புப் பட்டி படத்தோடு சேர்ந்து நகர்ந்தது. வேறு பக்கத்தைத் திறந்தா. அங்கே பட்டி இல்லை. கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டா. கறுப்புத் திரையில் ஒவ்வொரு எழுத்தும் சரியாக இருந்தது.

"திருப்புளியை வையுங்கோ" என்றா. "மெசினில ஒரு குறையும் இல்லை. இது சொப்ட்வெயார். படம் காட்டுற புரோகிராமை மட்டும் திரும்ப ஏத்தினால் போதும்."

"நிச்சயமோ, பிள்ளை?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தா. "ஓம். நிச்சயம்."

அரை மணித்தியாலத்தில் படம் முழுதாக வந்தது. அவர்கள் அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து கொடுத்து, பெயரையும் பதவியையும் எழுதச் சொன்னார்கள். அக்கா பேனையை வாங்கி, பெயரை முழுதாக, ஒரு எழுத்தும் குறைக்காமல் எழுதினா: யோசெப் ஜெயரூபினி. பதவி என்ற கட்டத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், கணினிப் பொறுப்பாளர் என்று எழுதினா. நான் பக்கத்தில் நின்று, அடுத்த வரியில் என் பெயரை எழுத என் முறைக்காகக் காத்திருந்தேன்.